குளிரும் ஒரு மருந்து

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

முன்னுரை

பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடம் போகாத பாட்டிமாரும் அறிந்த பாடம். ஈரக்காற்று படக்கூடாது, தலையில் துணி கட்ட வேண்டும், தாயின் அணைப்பிலேயே கிடத்த வேண்டும் என்பார்கள். இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது. ஆனால், பிறந்த குழந்தைகளுள் ஒரு சிலரை மட்டும் ஆறு மணி நேரத்திற்குள் வேண்டுமென்றே குளிர்வித்து, மூன்று நாள்கள் அக்குளிரிலேயே வைத்திருந்து, மூளையைக் காக்க முயலும் சிகிச்சை ஒன்று உண்டு என்றால் நண்பர்கள் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை.

இச்செய்தியை நான் பாடப் புத்தகத்தில் படித்தறியவில்லை. என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு பேச்சின் வாயிலாகவே அறிந்தேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர். எங்களுடையது தறி ஓடும் வீடு. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஒருநாள் முன்னிரவில் வலி கண்டது. "இது பொய்வலிடி, தலைப்பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும். விடியட்டும்" என்றாள் பாட்டி. விடிந்தபின் மருத்துவமனைக்குச் சென்றோம். மாலையில் குழந்தை பிறந்தது, அழவில்லை. மருத்துவர்கள் மூச்சு வரவழைத்தார்கள். அன்றிரவே வலிப்பு வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்று நான்கு வயதாகியும் அவளால் தானாக உட்கார இயலவில்லை. எங்கள் குரல் கேட்டால் சிரிப்பாள்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "வேலூரில் குளிர்த் தொட்டில் இருக்கிறதாம். அதில் போட்டிருந்தால் இந்தக் குழந்தை ஓடி விளையாடியிருக்கும். நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள்" என்று சொல்லிப் போனார். அன்று முதல் பாட்டி யாருக்கும் எந்த யோசனையும் சொல்வதில்லை. அக்காவும் மாமாவும் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. அந்த உறவினர் சொன்னது மெய்தானா என்று அறிந்துகொள்ள விரும்பினேன். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

மூளையும் பிராணவாயுவும்

வளர்ந்த மனிதனின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே. எனினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. பிறந்த குழந்தைக்கோ உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மூளைதான். ஆகவே பிராணவாயு குறையும்போது முதலில் துன்புறுவதும் மூளையே.

கருவில் இருக்கும் குழந்தைக்குப் பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாகவே வருகிறது. பிரசவத்தின்போது கொப்பூழ்க்கொடி நசுங்கலாம். நஞ்சு முன்னதாகவே பிரிந்துவிடலாம். பிரசவம் தடைப்பட்டு நெடுநேரம் நீளலாம். தாய்க்கு மிகுந்த இரத்தப்போக்கு ஏற்படலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் குழந்தையின் மூளைக்குப் போகும் இரத்தமும் பிராணவாயுவும் குறைகின்றன. அதனால் விளையும் மூளைப் பாதிப்பு கடுமையானால் குழந்தை துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சாது, வலிப்பு வரும். சிலர் இறந்துவிடுகின்றனர். பிழைத்தவர்களுள் சிலருக்கு மூளை முடக்குவாதம், பார்வைக் குறை, கேள்விக் குறை, அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவை தங்கிவிடுகின்றன.

அறுந்த இழை

இப்பாதிப்பு ஒரே நொடியில் நிகழ்ந்து முடிந்துவிடுவதில்லை. இதுவே இச்சிகிச்சைக்கு அடிப்படையான உண்மை.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் என் தந்தையார் உடனே தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார். "ஓர் இழைதானே, போகட்டும்" என்று விட்டால், அறுந்த நுனி பக்கத்து இழைகளில் சிக்கி அவற்றையும் அறுத்துவிடும். மூளையிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது.

பிராணவாயு நின்றதும் நரம்பு உயிரணுக்களில் ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருள் குறைகிறது. ஆற்றல் இல்லாமையால், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே வைத்திருக்கும் ஏற்பாடு நின்றுபோகிறது. உயிரணுக்கள் நீர் புகுந்து வீங்குகின்றன. குளூட்டமேட் என்னும் பொருள் அளவுக்கு மீறி வெளிப்பட்டு, பக்கத்து உயிரணுக்களுக்குள் கால்சியத்தைப் புகச் செய்கிறது. இது முதற்கட்டம்.

மூச்சு வரவழைத்ததும் இரத்த ஓட்டம் திரும்புகிறது, ஆற்றலும் மீள்கிறது. பார்ப்பவர்க்கு ஆபத்து நீங்கியதுபோல் தோன்றும். இந்த இடைவேளை ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடிக்கலாம். அதன்பின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. உயிரணுக்களின் ஆற்றல் மீண்டும் சரிகிறது. வீக்கமும் வலிப்பும் தோன்றுகின்றன. முதலில் தப்பிய உயிரணுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. அந்த இடைவேளைக்குள் முடிச்சுப் போட இயலுமா என்பதே விஞ்ஞானிகள் எழுப்பிய வினா.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மீன்

குளிர் எப்படி அந்த முடிச்சாகும்? நம் ஆய்வுக்கூடத்திலேயே இதற்கு விடை உண்டு. கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு மீனை விட்டு, அதன் செவுள்மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணுகிறோம். நீரைச் சிறிது சிறிதாகக் குளிர்விக்கும்போது அசைவு குறைகிறது. மீனின் உடலில் நிகழும் வேதி மாற்றங்கள் மெதுவாவதால் அதன் பிராணவாயுத் தேவையும் குறைகிறது.

மனித மூளையிலும் இதே விதிதான். வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேடு குறைந்தால் மூளையின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. அத்துடன் குளூட்டமேட் வெளிப்படுவதும், உயிரணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் நிகழ்ச்சியும் தணிகின்றன.

ஆனால் மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு சேர்ந்து இறங்கும். மனிதக் குழந்தை வெப்ப இரத்தப் பிராணி. அதன் உடல் குளிரை எதிர்த்துப் போராடும். அப்போராட்டத்திலேயே ஆற்றலைச் செலவழித்துவிடும். எனவே குளிர் என்பது இருபுறமும் கூருள்ள கத்தி.

கடந்து வந்த பாதை

1950-களில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பியோர்ன் வெஸ்டின், மூச்சு வராத குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பார்த்தார். பலர் பிழைத்ததாக 1959-இல் எழுதினார். ஆனால் குளிர்விக்காத குழந்தைகளோடு முறையாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதே காலத்தில், 1958-இல், அமெரிக்க மருத்துவர் வில்லியம் சில்வர்மன் குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார். சற்று வெப்பம் கூடிய இன்குபேட்டரில் இருந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று தெரிந்தது. ஆகவே குளிர் என்னும் எண்ணமே கைவிடப்பட்டது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்பே அது மீண்டும் உயிர் பெற்றது. நியூசிலாந்தில் அலிஸ்டர் கன் என்பவரும் அவருடைய குழுவினரும் கருவிலிருக்கும் ஆட்டுக்குட்டிகளின் மூளையைக் குளிர்வித்து, பாதிப்பு குறைவதை 1997-இல் காட்டினர். 2005-இல் இரு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் குழந்தையின் தலையில் குளிர்நீர் ஓடும் தொப்பி அணிவிக்கப்பட்டது. மற்றொன்றில் உடல் முழுவதும் குளிர்விக்கப்பட்டது. இந்த இரண்டாவது ஆய்வை அமெரிக்காவில் முன்னின்று நடத்தியவர் சீதா சங்கரன் என்னும் மருத்துவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 208 குழந்தைகள் இடம்பெற்ற அவ்வாய்வில், குளிர்விக்கப்படாதவர்களில் 62 சதவீதம் பேர் இறந்தனர் அல்லது ஊனமுற்றனர். குளிர்விக்கப்பட்டவர்களில் அது 44 சதவீதமாகக் குறைந்தது.

2013-இல், அதுவரை நடந்த 11 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,505 குழந்தைகளின் விவரங்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கப்பட்டன. ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை இறப்பிலிருந்தோ பெரும் ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்பது அதன் முடிவு. இங்கே நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழில் ஒன்று என்பது பெரிய வெற்றிதான். ஆனால் மற்ற ஆறு குழந்தைகளின் நிலை அதனால் மாறவில்லை. குளிர்த் தொட்டில் மந்திரத் தொட்டில் அன்று.

சிகிச்சை முறை

இச்சிகிச்சை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதன்று. கருவில் குறைந்தது 36 வாரம் வளர்ந்திருக்க வேண்டும். பிராணவாயுக் குறைவு நேர்ந்ததற்கான அடையாளங்களும், மூளை நடுத்தரமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்பட்டதற்கான அடையாளங்களும் இருக்க வேண்டும். பிறந்து ஆறு மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். உடலின் உள்வெப்பத்தை 37 டிகிரியிலிருந்து 33.5 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் கொண்டுவந்து, 72 மணி நேரம் ஏற்ற இறக்கமின்றி நிறுத்த வேண்டும். பின்பு மணிக்கு அரை டிகிரிக்கு மேற்படாமல் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அதுவரை இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தம் உறையும் தன்மை, வலிப்பு ஆகிய அனைத்தையும் இடைவிடாது கண்காணிக்க வேண்டும்.

பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர் கொப்பரையின் சூட்டைக் கணப்பொழுதும் கவனிப்பதைக் காஞ்சியில் கண்டிருப்பீர்கள். சூடு தவறினால் பட்டுக்கு ஏற்படும் கேட்டைப் பின்னர் சரிசெய்ய இயலாது. இங்கே இருப்பதோ பட்டினும் மெல்லிய உயிர்.

வேலூரில் ஒரு முயற்சி

மேனாட்டுக் கருவிகள் விலை மிகுந்தவை. நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றுக்கு அவை எட்டா. இந்நிலையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், குளிர்ந்த ஜெல் பொட்டலங்களைக் கொண்டே குழந்தைகளைக் குளிர்விக்க முடியும் என்று 2011-இல் எழுதினார்கள். அடுத்து, நிலை மாறும் பொருள் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை உள்ளிழுத்தாலும் அதன் வெப்பநிலை மாறுவதில்லை என்பதைப் பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்ற பாடத்தில் படித்தோம் அல்லவா? அதே தத்துவம்தான் இதுவும். பனிக்கட்டியைப்போல் மிகக் குளிராமல், இதமான ஒரு வெப்பநிலையில் உருகும் பொருளை மெத்தையாக்கி அதன்மேல் குழந்தையைக் கிடத்துகிறார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தேவையில்லை. எங்கள் உறவினர் சொன்ன "குளிர்த் தொட்டில்" இதுதான்.

நார்வே நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து வேலூரில் 50 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் அச்சாகியது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளின் மூளையைக் காந்தப் படமெடுத்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிடப் பாதிப்புக் குறைவாகவே காணப்பட்டது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. உறவினர் சொன்னதுதான் மெய்யோ என்று நெஞ்சு துடித்தது.

பெரிய ஆய்வு தந்த அதிர்ச்சி

ஆனால் 50 குழந்தைகளைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் ஹீலிக்ஸ் என்னும் ஆய்வு நடந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் இதற்குத் தலைமை தாங்கினார். நம் சென்னை மருத்துவக் கல்லூரியும் இதில் பங்கு கொண்டது. 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். யாரைக் குளிர்விப்பது, யாரை வழக்கமான சிகிச்சையில் வைப்பது என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவு செய்யப்பட்டது. 202 பேர் குளிர்விக்கப்பட்டனர். 206 பேர் குளிர்விக்கப்படவில்லை.

முடிவு 2021-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. 18 மாத வயதில் பார்த்தபோது, இறந்தோரும் ஊனமுற்றோரும் சேர்ந்து குளிர்விக்கப்பட்ட பிரிவில் 50 சதவீதம். மற்றதில் 47 சதவீதம். அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், குளிர்விக்கப்பட்டோரில் 42 சதவீதம். மற்றோரில் 31 சதவீதம். மேனாட்டில் உயிர் காத்த குளிர், இங்கே உயிரிழப்பை மிகுதிப்படுத்தியது! இத்தகைய நாடுகளில் இச்சிகிச்சையைக் கைக்கொள்ள வேண்டாம் என்றே ஆய்வாளர் எழுதினர். தக்க வசதியுள்ள இடங்களில், தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்குச் செய்யலாம் என்போரும் நம் நாட்டு மருத்துவர்களில் உள்ளனர். இவ்விவாதம் முடிந்துவிடவில்லை.

ஏன் இந்த வேறுபாடு?

ஒரே குளிர், ஒரே அளவு, ஒரே 72 மணி நேரம். பயன் மட்டும் ஏன் வேறு? அறிஞர்கள் சில காரணங்களைக் கருதுகின்றனர். மேனாட்டு ஆய்வுகளில் வந்த குழந்தைகள் பலருக்குப் பாதிப்பு பிரசவத்தின் இறுதியில் திடீரென நேர்ந்தது. நம் பக்கத்தில் பலருக்கு அது நீண்ட பிரசவத்தின்போது, விட்டு விட்டு, பல மணி நேரம் நேர்ந்திருக்கலாம். அப்படியானால் குழந்தை பிறக்கும்போதே இரண்டாம் கட்டம் தொடங்கியிருக்கும். முடிச்சுப் போடும் நேரம் கடந்திருக்கும். நோய்த்தொற்று, தாயின் சத்துக்குறைவு, கருவில் குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் சேர்ந்திருக்கலாம்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. ஓரிடத்தில் பலித்த மருந்து வேறிடத்திலும் அப்படியே பலிக்கும் என்று கொள்ளலாகாது. நம் மண்ணில், நம் மக்களிடையே சோதித்தே அறிய வேண்டும். விளைவு நாம் விரும்பியதற்கு மாறாக இருந்தாலும் அதை மறைக்காமல் எழுத வேண்டும். சென்னையிலும் பிற ஊர்களிலும் துயரத்தின் நடுவே தம் குழந்தைகளை இவ்வாய்வுக்கு ஒப்படைத்த பெற்றோர்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை

இதைப் படிக்கும் எவரும் வீட்டில் குழந்தையைக் குளிர்விக்க முயலலாகாது. அழாத குழந்தையின்மேல் குளிர்ந்த நீரைத் தெளிக்கும் வழக்கமும், தலைகீழாகப் பிடித்து அடிக்கும் வழக்கமும் தீங்கானவை. அழாத குழந்தைக்குத் தேவை உலர்ந்த துணி, கதகதப்பு, பயிற்சி பெற்ற ஒருவர் முதல் நிமிடத்திற்குள் பையும் முகமூடியும் கொண்டு செலுத்தும் காற்று ஆகியவையே. இதற்கான பயிற்சியைப் பரப்ப மத்திய அரசு 2009-இல் தனித்திட்டமே தொடங்கியது.

அதற்கும் முந்திய காவல் பிரசவ நேரக் கண்காணிப்பு. கருவிலுள்ள குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டும். வலி முற்றும் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும், குழந்தை வெளிவரும் கட்டத்தில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறையும் இத்துடிப்பைக் கேட்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுத் திண்ணையில் அதைக் கேட்பார் யார்? வலி தொடர்ந்தாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, மெய்வலியா பொய்வலியா என்று வீட்டில் வழக்காடாமல் புறப்பட வேண்டும். பொய்வலியானால் திரும்பி வந்துவிடலாம். அதில் நட்டமொன்றும் இல்லை.

முடிவுரை

இனி, நான் தொடங்கிய வினாவுக்கு வருகிறேன். அன்று என் அக்காள் மகளைக் குளிர்த் தொட்டிலில் இட்டிருந்தால் அவள் இன்று ஓடி விளையாடுவாளா? நான் படித்தவரையில், அப்படிச் சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. ஓடியிருக்கலாம், இப்படியே இருந்திருக்கலாம், நம்மிடம் இல்லாமலே போயிருக்கலாம். அந்த இரவிலா, மறுநாள் பகலிலா, எந்த மணியில் அவள் மூளைக்குப் பிராணவாயு குறைந்தது என்பதும் இனி அறிய முடியாத ஒன்று. எனவே "நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள்" என்ற பழிக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. விடியும்வரை காத்திருந்தது சரியன்று என்பது பாடம். அந்தப் பாடத்தைக் கொண்டு ஒரு கிழவியைத் தண்டிப்பது அறமாகாது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் மகளின் கால்களுக்கு, பயிற்சியாளர் கற்றுத் தந்தபடி, நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டி மட்டும், "அந்த ஆறு மணி நேரக் கணக்கை இன்னொரு தரம் படிடா" என்றாள். படித்தேன். பிறகு அவள் எழுந்து போய், தறிக்குப் பக்கத்துச் சுவரில் என் தந்தையாரைக் கொண்டு 108 என்று சுண்ணாம்பால் பெரிதாக எழுதச் செய்தாள். அக்காவுக்கு இது ஏழாம் மாதம். "இந்தத் தடவை வலி கண்ட உடனே கிளம்பணும். பொய்யா மெய்யான்னு டாக்டர் சொல்லட்டும்" என்றாள்.

ஓராண்டுக்குப்பின் பாட்டி சொன்ன முதல் யோசனை அது. நண்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாட்டி உண்டு. அக்காளோ தங்கையோ உண்டு. நாம் கல்லூரியில் கற்பது அவர்கள் காதுக்கும் எட்டுமாயின் அதுவே கற்றதனாலாய பயன் என்று கூறி முடிக்கின்றேன்.